சுழலும் இரண்டு கருந்துளைகள்: ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கணக்கு

உருண்டையான ஒரு பொருள் தன் அச்சில் சுழன்றாலும் சுழலாவிட்டாலும் நியூட்டனின் ஈர்ப்பு ஒன்றுதான். பொதுச் சார்பியலில் அப்படி இல்லை. சுழற்சியே சுற்றியுள்ள வெளியை இழுத்துத் திருப்புகிறது. அதனால் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகள் சீக்கிரம் மோதுமா, தாமதிக்குமா என்பதில் சுழற்சிக்கும் பங்கு உண்டு. அதைப் பெருமளவு சொல்லிவிடும் எண்ணுக்குப் பயனுறு சுழற்சி என்று பெயர்.

முதல் தடவை பைத்தான் என்ற நிரல்மொழி வேண்டாம். லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு எண்ணும் கண்முன்னே இருக்கும்.

படி 1: நிறைகளை எழுதுங்கள். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ (வெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளை உணரும் அமெரிக்க ஆய்வகம்) பிடித்த முதல் கருந்துளை இணைப்பில் 36, 29 சூரிய நிறைகள் என்று முதலில் அறிவித்தார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 2: சுழற்சி அளவு, 0 (சுழற்சியே இல்லை) முதல் 1 (உச்ச அளவு) வரை. பயிற்சிக்காக 0.6, 0.4 என்று நானே வைத்தவை இவை.

படி 3: ஒவ்வொரு கருந்துளையின் சுழற்சி அச்சும் சாய்ந்திருக்கும் கோணம். சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான அச்சிலிருந்து அளக்க வேண்டும். 60, 180 பாகை என்று வையுங்கள்.

படி 4: நிறை, சுழற்சி, கோணத்தின் கொசைன் மூன்றையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி மொத்த நிறையால் வகுங்கள்.

இங்கேதான் நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்த விடை −0.42. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதில் தப்பே இல்லை. ஸ்ப்ரெட்ஷீட்டின் கொசைன் ரேடியனில் கோணம் கேட்கிறது. நான் பாகையைக் கொடுத்திருந்தேன். 60 பாகையின் கொசைன் 0.5. அதே 60-ஐ ரேடியனாக எடுத்தால் −0.95. குறியே புரண்டுவிடுகிறது! கோணத்தை முதலில் ரேடியனாக மாற்றிவிடுங்கள். சரியான கணக்கு: 10.8 − 11.6 = −0.8, 65-ஆல் வகுத்தால் சுமார் −0.01.

இரண்டும் நன்றாகச் சுழல்கின்றன, விடையோ பூஜ்ஜியத்தை ஒட்டி வருகிறது. லைகோவின் அந்த முதல் நிகழ்விலும் இந்த எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தது. அதை வைத்து அவை சுழலவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

குறி ஏன் இவ்வளவு முக்கியம்? 2006-இல் கம்பனெல்லி, லூஸ்டோ, ஸ்லோகோவர் என்ற மூன்று ஆய்வாளர்கள் சம நிறையும் சுமார் 0.76 சுழற்சியும் உள்ள ஜோடிகளைக் கணினியில் மோதவிட்டார்கள். சுழற்சி, சுற்றுப்பாதையின் திசையிலேயே இருந்த ஜோடி (குறி +) மூன்று சுற்றுப் போனபிறகே இணைந்தது. நிறையில் சுமார் 7 சதவீதம் ஈர்ப்பலையாகப் போனது. எதிர்த்திசையில் இருந்த ஜோடி (குறி −) ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. போனது சுமார் 2 சதவீதம்.

பிற்சேர்க்கை: "சுழற்சி அச்சு பம்பரம் மாதிரி தலையாட்டுமே, அப்போது எந்த நேரத்துக் கோணத்தைப் போடுவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மிக நல்ல கேள்வி. தனித்தனிக் கோணங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இந்தக் கூட்டு எண் ஏறக்குறைய மாறாது. ஆகவே எந்த நேரமானாலும் சரி, இரண்டு கோணங்களும் ஒரே கணத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும்.