கயிறு முறுக்குக் கால் எடுக்கும் ரூட்டர் மில்: கம்பி இழுவை முறையில் ஒரு மாற்றம்

மேசைக் காலில் கயிறு போல முறுக்கிய காடி (பள்ளம்) எடுக்கும் எந்திரத்தை வீட்டில் செய்வது பற்றியது இது. கடைசல் லேத்தில் கால் உருளும், உளி நம் கையில் இருக்கும். ஆர்னமென்டல் மில் என்ற அலங்கார வேலை எந்திரத்தில் கால் மெதுவாகத் திரும்பும். அதற்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் ரூட்டர் (வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் கருவி) உட்கார்ந்திருக்கும். கால் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் நகர்கிறதோ, அதுதான் முறுக்கின் நீளம். அமெரிக்க லெகஸி மில்களில் திருகுத் தண்டும் பல்சக்கரங்களும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. வீட்டில் அதை அப்படியே செய்யப் பார்த்துத்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். கடையில் கிடைக்கும் எம்16 திரெட் ராடு (16 மி.மீ. மரைத் தண்டு) ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும். 188 மி.மீ. முறுக்குக்கு அது 94 சுற்று சுற்ற வேண்டும். அத்தனை பல்சக்கரம் அடுக்கினால் இடையில் லொடலொடப்பு வரும். பாம்பன், தொண்டிப் பக்கத்து உப்புக் காற்றில் திரெட்டும் சீக்கிரம் துருவேறும்.

அதற்குப் பதில் கம்பியும் உருளையும் போதும்.

சட்டம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள 304 ஸ்டெயின்லெஸ் குழாய் இரண்டு, தலா 1200 மி.மீ., இணையாக. ஹெட்ஸ்டாக்கில் (காலைப் பிடித்துச் சுற்றும் பகுதி) 20 மி.மீ. தண்டு, அதைத் தாங்க யுசிபி 204 பேரிங் இரண்டு. வண்டிக்கு 18 மி.மீ. பிளைவுட், சக்கரத்துக்கு 608 பேரிங். ரப்பர் மூடி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். தகர மூடிக்குள் ஈரமும் மரத்தூளும் புகுந்துவிடும். வண்டியின் நீளம் அதன் அகலத்துக்குக் குறையக் கூடாது. கம்பி ஒரு பக்கமாகத்தான் இழுக்கும் என்பதால், குட்டை வண்டி கோணிக்கொண்டு நிற்கும்.

ரூட்டரில் பிட்டைப் பிடிக்கும் காலட் (collet) 6 மி.மீ. அளவா, கால் அங்குல அளவா என்று பார்த்துவிட்டு பிட் வாங்குங்கள். கால் அங்குலம் 6.35 மி.மீ. 6 மி.மீ. பிட்டை அதில் இறுக்கினால் பிடித்தது போலத் தெரியும், ஓட ஓட நழுவிக் கீழே இறங்கும், காடி ஆழமாகிக்கொண்டே போகும்.

உருளையின் விட்டம்

தண்டில் ஓர் உருளை. அதில் சுற்றிய கம்பி கீழே இறங்கி, ஒரு கப்பியில் திரும்பி, தண்டவாளத்தோடு ஓடி வண்டியைப் பிடிக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் கம்பி உருளையில் ஏறும், வண்டி ஹெட்ஸ்டாக்கை நோக்கி வரும். ஒரு சுற்றுக்கு உருளையின் சுற்றளவு அளவுக்கு நகரும்.

கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: உருளையும் காலும் ஒரே விட்டமானால் முறுக்கு சரியாக 45 பாகையில் விழும். 60 மி.மீ. காலுக்கு 60 மி.மீ. உருளை, ஒரு சுற்றுக்கு 188 மி.மீ. முறுக்கு. உருளையைப் பாதியாக்கினால் நெருக்கமான முறுக்கு, இரட்டித்தால் நீண்டு ஓடும் முறுக்கு. கம்பியின் தடிமனையும் சேர்த்தே விட்டம் கணக்கு. 2 மி.மீ. கம்பி என்றால் உருளையை 58-க்குக் கடைய வேண்டும்.

காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கிய பழைய காலுக்கு ஜோடி செய்ய வேண்டுமா? அதன் காடியோடு ஒரு நூலை ஒரு முழுச் சுற்று ஓட்டி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்தூரத்தை அளங்கள். அதை 3.14-ஆல் வகுத்து, கம்பித் தடிமனைக் கழித்தால் உங்கள் உருளை.

கம்பிக்குத் தங்கூசியோ நைலான் கயிறோ வேண்டாம். இரண்டும் நீளும், நீண்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் காடி இடம் மாறும். விசைப்படகுச் சாமான் கடையில் மெல்லிய பல இழைகளாக முறுக்கிய 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி கேளுங்கள். விறைப்பான தடித்த இழைக் கம்பி உருளையில் படியாது.

இந்த 60 மி.மீ. கணக்கில் 700 மி.மீ. நீளக் காலுக்கு நாலு சுற்றுக்கும் குறைவாகவே கம்பி ஏறும். ஆனாலும் உருளையின் அகலம் 25 மி.மீ. இருக்கட்டும். இடம் போதாமல் கம்பி கம்பி மேலேயே ஏறினால், அந்த இடத்திலிருந்து முறுக்கு 188-லிருந்து ஏறக்குறைய 200 மி.மீ. ஆகிவிடும். காலின் நடுவில் முறுக்கு திடீரென்று சோம்பல் முறிப்பது போலத் தெரிந்தால் காரணம் இதுதான். ரூட்டரைத் திட்டாதீர்கள்.

வண்டியின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு கயிறு, டெயில்ஸ்டாக் (காலின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) கப்பி வழியாகத் தொங்கும் எடை. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை ஒரு பையில் போட்டு 3, 4 கிலோ வைத்தால் போதும். கம்பி எப்போதும் விறைப்பாக இருக்கும், லொடலொடப்பே இருக்காது.

பங்குத் தட்டு: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

முறுக்குக்குப் பல புரிகள், அதாவது இணையாகச் சுற்றி ஓடும் பல காடிகள், வேண்டும். ஒரு சுற்றைச் சமமாகப் பிரிப்பது பங்குத் தட்டு; 24 துளை போட்ட தட்டில், நாலு புரிக்கு 6 துளைக்கு ஒருமுறை, ஆறு புரிக்கு 4 துளைக்கு ஒருமுறை நகர்த்த வேண்டும். இதுவரை சுலபம்.

தட்டின் பூட்டு முள்ளை எங்கே வைப்பது? வழக்கமாக ஹெட்ஸ்டாக் சட்டத்தில் வைப்பார்கள். நேர்க்காடிக்கு அது சரி, ஏனென்றால் அப்போது கால் அசையாமல் நிற்க வேண்டும். முறுக்குக்கு அது உதவாது. உருளையைத் தண்டோடு இறுக்கிவிட்டிருந்தால், காலை 6 துளை திருப்பும்போது உருளையும் கூடவே திரும்பும், வண்டியும் நகரும், பிட் பழைய காடியிலேயே போய் விழும். எத்தனை முறை திருப்பினாலும் ஒரே புரிதான்.

தட்டைத் தண்டோடு இறுக்குங்கள். உருளையை ஒரு புஷ் மேல் தண்டில் தனியாகச் சுழல விடுங்கள். முள்ளை உருளையில் பொருத்துங்கள். முள் துளைக்குள் இருக்கும்போது தண்டும் உருளையும் ஒன்று. முள்ளை எடுத்தால் கால் மட்டும் திரும்பும். நேர்க்காடிக்கு வண்டியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, சட்டத்தில் இருக்கும் இரண்டாவது முள்ளைப் பயன்படுத்துங்கள். துளைகளுக்கு 1 முதல் 24 வரை எண் குத்திவிட்டால் எண்ணுவதில் தவறு வராது.

முள்ளை எடுக்கும் முன் வண்டியை டெயில்ஸ்டாக் பக்கத் தடுப்புக் கட்டையில் முட்ட நிறுத்துங்கள். நடுவழியில் எடுத்தால் ஈயக் குண்டு வண்டியை ரூட்டரோடு இழுத்துக்கொண்டு ஓடும்.

வெட்டுவது

பிட்டின் நடு, தண்டின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கூர்முனையுள்ள வி பிட் மாட்டி, இரு முனைகளிலும் காலைத் தாங்கும் சென்டர் முனையோடு பொருந்துகிறதா பாருங்கள். 1 மி.மீ. விலகினாலும் காடி ஒரு பக்கம் சாயும்.

19 மி.மீ. கோர் பாக்ஸ் பிட் (அரைவட்டக் காடி எடுப்பது), வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குள். டெயில்ஸ்டாக் முனையில் தொடங்கி, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே பிட்டை இறக்குங்கள். நிற்கும் மரத்தில் இறக்கினால் கருகும். ஓர் ஓட்டத்துக்கு 3 மி.மீ. எல்லாப் புரியையும் அதே ஆழத்தில் முடித்துவிட்டு அடுத்த ஆழத்துக்குப் போங்கள். கடைசி ஓட்டம் அரை மி.மீ., நிதானமாக.

60 மி.மீ. காலில் 45 பாகைக்கு நாலு புரி போட்டால் காடிகளுக்கிடையே குறுக்காக 33 மி.மீ. வரும், பிட் போக 14 மி.மீ. மேடு நிற்கும். ஆறு புரி என்றால் 22, மேடு 3 மி.மீ.தான். அது நார் குறுக்கே ஓடும் மெல்லிய சுவர், பெயர்ந்து போகும். ஆறு புரிக்கு 12.7 மி.மீ. பிட்டுக்கு மாறுங்கள்.

மரத்துக்கு என் முதல் ஓட்டு பூவரசு. சீமைக்கருவேல் நன்றாக வழுவழுப்பாக வெட்டும், உலர்ந்தபின் அதிகம் கோணாது. ஆனால் 700 மி.மீ. நேரான துண்டு கிடைப்பது அபூர்வம், பட்டை மடிப்பில் சிக்கிய மணல் பிட் முனையைத் தின்றுவிடும். பட்டையை முழுக்கச் செதுக்கிவிட்டுக் கம்பி பிரஷ் போடுங்கள். பனையை இதில் வைக்கவே வேண்டாம். கருநார் பிய்ந்து எழும்.

தோளில் துண்டு, தொங்கும் கைலி முனை எதுவும் தண்டுக்கு அருகில் வரக் கூடாது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

நாலு காலும் ஒரே பக்கம் முறுக்கினால் மேசை திருகியது போலத் தெரிகிறதே? இரண்டு காலுக்குக் கம்பியை உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, கப்பியை மறுபக்கத் தண்டவாளத்துக்கு மாற்றுங்கள். கைப்பிடியும் எதிர்ப்பக்கம் சுழலும்.

கூம்பிய கால்? 60-லிருந்து 40-க்கு மெலியும் காலில் ஆரம் 10 மி.மீ. குறைகிறது. மெலிந்த முனையை டெயில்ஸ்டாக்கில் வைத்து, அதன் சென்டரை 10 மி.மீ. உயர்த்தினால் காலின் மேல்பக்கம் தண்டவாளத்துக்கு இணையாகிவிடும். சென்டர் போல்ட்டுக்குத் துளைக்குப் பதில் நீள் காடி எடுத்து வைத்திருந்தால் இது இரண்டு நிமிட வேலை. மெலிந்த முனையில் மேடு ஒடுங்கும் என்பதால், பிட் அகலத்தை அந்த முனையை வைத்தே தேர்ந்தெடுங்கள்.