டிஸ்க்குக்குப் போன கட்டளையை ரத்து செய்வது எப்படி?

கல்லடியில் என்னிடம் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதப் பழகும் தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணே, அனுப்பின கொமாண்டைக் கென்சல் பண்ண, லிஸ்டில இருந்து எடுத்தாப் போதும்தானே?" போதாது. லினக்ஸின் ஸ்கஸி (டிஸ்க்குகளோடு பேசும் ஒரு முறை) டிரைவரை வைத்து விளக்குகிறேன்.

இரவுக் கடையில் கொத்து ரொட்டி சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறீர்கள். சீட்டு இன்னும் வெயிட்டர் கையில் இருந்தால் கிழித்துவிடலாம். கல்லில் கொத்துச் சத்தம் கேட்டால் உள்ளே போய்ச் சொல்லி, நிறுத்திவிட்டார்களா என்று பார்க்கவேண்டும். தட்டு மேசைக்கு வந்துவிட்டால் ரத்து செய்ய ஒன்றுமில்லை. கட்டளைக்கும் இந்த மூன்று நிலைதான்.

முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் போலிக் கணினி. சொந்த டிஸ்க்கில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அதில் 'ஸ்கஸி டீபக்' மொட்யூலை ஏற்றினால் ரேமிலேயே 8 மெகாபைட் போலி டிஸ்க் கிடைக்கும். ஏற்றும்போது 'ஒப்ட்ஸ்' 5, 'எவ்ரி என்த்' 100 என்று கொடுங்கள். 5 என்பது 4 கூட்டல் 1: 4 பதிலை விழுங்கும், 1 நடப்பதைப் பதிவேட்டில் (லொக்) எழுதும். நூறாவது கட்டளைக்குப் பதில் வராது. வழக்கமாக 30 விநாடி பொறுத்த பிறகுதான் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), டிரைவரில் ரத்து வேலையைச் செய்யும் அபோர்ட் ஹேண்ட்லரை அழைக்கும். கர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட்டை 5 விநாடி ஆக்கிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் சொந்த ஹேண்ட்லர். கட்டளை வரிசையைக் காக்கும் ஸ்பின்லொக்கை (ஒரு நேரத்தில் ஒருவரே தொடவிடும் பூட்டு) எடுத்துக் கட்டளையைத் தேடுங்கள். இல்லையென்றால் அது ஏற்கனவே முடிந்துவிட்டது. டிஸ்க்குக்கு இன்னும் போகவில்லையென்றால் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு 'சக்ஸஸ்' சொல்லுங்கள். போய்விட்டதென்றால் பூட்டை விட்டுவிட்டு, டிஸ்க்குக்கு அபோர்ட் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருங்கள். ஹேண்ட்லருக்குள் தூங்கலாம் (அதாவது பதில் வரும்வரை ஓய்ந்திருக்கலாம்), ஸ்பின்லொக்கைப் பிடித்தபடி தூங்கக்கூடாது.

இந்தக் காத்திருப்பில்தான் நான் இரண்டு இரவுகளைத் தொலைத்தேன். பதில் வருமுன்னே 'சக்ஸஸ்' திருப்பினேன். கர்னல் அந்த மெமரிப் பக்கத்தை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிட்டது. டிஸ்க்கோ பழைய டேட்டாவை டிஎம்ஏ (சிபியூவைத் தொடாமல் நேரே மெமரிக்கு எழுதும் வழி) வழியாக அதே பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தது. லொக்கில் ஒரு பிழைகூட இல்லை, ஆனால் சம்பந்தமில்லாத ஒரு ஃபைலின் நடுவில் குப்பை. டிஸ்க் கைவிட்டதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் 'ஃபெயில்ட்' என்றே சொல்லுங்கள். டிவைஸ் ரீசெட்டில் தொடங்கி ஹோஸ்ட் ரீசெட் வரை கர்னல் தானே படிப்படியாக ஏறும்.

அப்புறம், போலி டிஸ்க்கில் அபோர்ட் நடப்பதைப் பார்க்க, ஒரு ஜன்னலில் கர்னல் லொக்கைக் காட்டும் 'டிமெசெக்', மற்றதில் போலி டிஸ்க்கை டைரக்டாக (இடையில் கேஷ் இல்லாமல்) 4 கேபி துண்டுகளாக வாசிக்கும் 'டிடி' கட்டளை. வாசிப்பு ஐந்து விநாடி அப்படியே நிற்கும், லொக்கில் அபோர்ட் வரி விழும், அதே கட்டளை மறுபடி போய் வாசிப்பு தொடரும்.