பாதத்தின் வெளி ஓரம் வலித்தால், முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள்

சுண்டுவிரலில் தொடங்கி குதிகால் வரை, பாதத்தின் வெளி ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். பாதி வழியில் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அங்கே வலிக்கிறதா, அதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் முதல் கேள்வி.

கால் பிசகிய பிறகு அந்த முண்டைத் தொட்டாலே உயிர் போகிறது, அல்லது கணுக்காலின் வெளி எலும்பில் பின் ஓரமோ நுனியோ அழுத்தினால் வலிக்கிறது, அல்லது நாலு அடி கூட நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். சுளுக்குதானே என்று உருவி விடாதீர்கள். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முண்டில் ஒட்டியிருக்கும் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) திசுக்களும் இழுத்து, எலும்பில் ஒரு துணுக்கைப் பெயர்த்துவிடும். அது பெரும்பாலும் கெட்டியான காலணியிலேயே ஆறிவிடும். முண்டுக்குச் சற்று முன்னால், விரல் பக்கமாக உடைந்தால்தான் வம்பு, ஏனென்றால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஜோன்ஸ் முறிவு என்பார்கள். ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் நடனமாடும்போது தன் காலிலேயே இப்படி முறிந்ததை 1902-ல் எழுதிவைத்தார். இதற்குக் காலை ஊன்றாமல் பல வாரம் கட்டு, சிலருக்கு ஸ்க்ரூ.

அடியே படவில்லை, ஆனால் ஓட்டத்தையோ நடையையோ திடீரென்று கூட்டினீர்களா? வலி கணுக்கால் எலும்புக்குப் பின்னாலிருந்து முண்டு வரை கோடு போட்டாற்போல ஓடி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளும்போது கையால் தடுத்தால் கூடுகிறது என்றால் அது தசைநாண் வலி. காலையில் முதல் சில அடிகள் விறைப்பாக இருந்து பிறகு தளர்வதும் உண்டு. மாறாக, எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து நடக்க நடக்க ஏறினால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அப்போது 'எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது' என்று ஓடக் கிளம்பிவிடாதீர்கள். சுண்டுவிரல் அடியில் மட்டும் சிவந்து புடைத்திருந்தால் பெரும்பாலும் காலணி இறுக்கம்தான், அகலமானதாக மாற்றுங்கள்.

தசைநாண் வலிதான் என்றால் ஓட்டத்தை நிறுத்தி, துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். அப்புறம் பழைய ஷூவை மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். என்னுடையது வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது, குதிப்பகுதியின் வெளி ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதை மாற்றாமல் இரண்டு மாதம் ஐஸ் வைத்தது என் முட்டாள்தனம். வலி தணிந்ததும் எலாஸ்டிக் பட்டையை ஒரு மேஜைக் காலில் கட்டிப் பாதத்தில் மாட்டி, பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளுங்கள், திரும்பும்போது அதைவிட மெதுவாக, 10 முதல் 15 தடவை. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பதும் வேண்டும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இந்த அழுத்திப் பார்க்கும் வேலையை நம்பவே கூடாது, எலும்பு உடைந்திருந்தாலும் அவர்களுக்கு வலிக்காமல் போகலாம். பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.