கட்டம் போடுவது சுலபம், கழற்றும்போதுதான் கவனம்: ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து என்8என் குறிப்புகள்

அண்ணனுக்கு ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை. ஆர்டர், பில், லாரி மூன்றும் காரைக்குடி வீட்டிலிருந்து நான் பார்க்கிறேன். கோடிங் தெரியாது. என்8என் (n8n) என்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாக ஓடவைக்கும் மென்பொருள். அதன் கேன்வாஸில், அதாவது திரைப் பலகையில், நோடு எனப்படும் கட்டங்களை வைத்துக் கோடு இழுக்கிறேன், ஆர்டர் தானாகப் பதிவாகிவிடுகிறது. இப்படிக் கோர்த்த கட்டங்களின் தொடருக்குப் பெயர் ஒர்க்ஃப்ளோ.

முதல் நோடு ஃபார்ம் டிரிகர்: வாடிக்கையாளர் படிவத்தை நிரப்பியதும் வேலையைத் தொடங்கிவைக்கும். பெயர், போன், சதுர அடி, டிசைன், கிரகப்பிரவேசத் தேதி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். அடுத்தது எடிட் ஃபீல்ட்ஸ், கணக்கெல்லாம் இங்கேதான். 10 அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 1.44, 8 அங்குலம் என்றால் 2.25. 500 சதுர அடிக்கு 10 அங்குலத்தில் 720 கல். வெட்டுக்கும் உடைசலுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 756. பிறகு கூகுள் ஷீட்ஸில் ஒரு வரி சேர்க்கும் நோடு. கடைசியில் நிபந்தனை பார்க்கும் ஒரு இஃப் நோடு: ஆயிரம் சதுர அடிக்கு மேல் போனால் அண்ணனுக்கு டெலிகிராம். கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற கல் இது. பெரிய ஆர்டருக்குத் தேதி சொல்ல வேண்டியவர் அவர்தான், மெஷின் அல்ல.

நோடு ஒவ்வொன்றுக்கும் வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள். ‘கல் கணக்கு’ என்று தமிழிலேயே வைக்கலாம். ஒருமுறை ஃபார்மை நிரப்பி, வந்த டேட்டாவை ‘பின்’ (pin) செய்து, அதாவது அப்படியே குத்தி வைத்துவிட்டால் சோதனைக்கு ஒவ்வொரு தடவையும் நிரப்ப வேண்டாம். நிஜ ஓட்டத்தில் அப்படிக் குத்தி வைத்த டேட்டா கணக்கில் வராது. ஃபார்முக்கு டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று இரண்டு முகவரி உண்டு. வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது இரண்டாவது. ஒர்க்ஃப்ளோவை ஆக்டிவ் செய்தால்தான் அது திறக்கும். புதிய பதிப்பில் அந்த வேலைக்குப் பப்ளிஷ் பொத்தான்.

சொந்த சர்வரில் ஓட்டுகிறவர்கள் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள். சும்மா விட்டால் அது நியூயார்க் நேரம். காலை ஒன்பதுக்கு வைத்த நினைவூட்டல் இங்கே விளக்கேற்றும் நேரத்தில் வந்து நிற்கும்.

இனி கழற்றுவது, அதாவது வேண்டாத நோடையும் ஒர்க்ஃப்ளோவையும் நீக்குவது. எனக்கு இதற்குத் தோதான மாதம் ஆடி. கிரகப்பிரவேசம் இல்லாததால் ஆர்டர் குறைவு. தைக்குப் போட்ட தள்ளுபடி ஒர்க்ஃப்ளோ மாதிரி பழசெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரே ஒரு நோடுதான் வேண்டாம் என்றால் உடனே டெலிட்டை அழுத்தாதீர்கள். அதைத் தேர்ந்தெடுத்து கீபோர்டில் ‘டி’ (D) எழுத்தை அழுத்தினால் நோடு மங்கிவிடும், டேட்டா மட்டும் அதைத் தாண்டிப் போகும். அப்படியே சில ஆர்டர்களை ஓடவிட்டுப் பாருங்கள். பின்னால் இருக்கும் நோடு ஏதாவது ‘கல் கணக்கு’ என்ற பெயரைச் சொல்லி எண்ணை எடுத்துக்கொண்டிருந்தால், அது எங்கே தடுக்கி விழுகிறது என்பது தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு நோடை நீக்கி, முன்னும் பின்னும் கோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முழு ஒர்க்ஃப்ளோவையே எடுப்பதானால் முதலில் நிறுத்துங்கள். அடுத்து, ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவும் இருக்கும் எக்ஸிகியூஷன்ஸ் பக்கம். ஓட்டத்தைக் காத்திருக்க வைக்கும் வெய்ட் நோடு போட்டிருந்தால் ‘வெய்ட்டிங்’ என்று சில நிற்கும். எங்களிடம் அது கல் தொட்டியில் ஊறும் நாட்களில் காத்திருக்கும் ஆர்டர். அவற்றை முடியவிடுங்கள், இல்லையேல் அந்த வாடிக்கையாளர்களுக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். வேறு ஒர்க்ஃப்ளோ இதைத் துணைக்கு அழைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு மெனுவில் டவுன்லோட் கொடுத்து ஜேசன் (JSON) கோப்பை, அதாவது ஒர்க்ஃப்ளோவின் எழுத்து வடிவ நகலை, எடுத்து வையுங்கள். கோப்பில் கிரெடென்ஷியலின் (வேறு சேவைக்குள் நுழைய என்8என்னில் சேமித்த அனுமதி) பெயர் இருக்கும், ரகசியச் சாவி இருக்காது. ஆனால் வேறு இணையச் சேவையை அழைக்கும் எச்டிடிபி நோடில் சாவியை நேரே தட்டியிருந்தால் அது அப்படியே வெளியே வரும். யாருக்காவது அனுப்பும் முன் அழித்துவிடுங்கள்.

இப்போதைய பதிப்புகளில் முதலில் ஆர்க்கைவ், அதன் பிறகுதான் டெலிட். இந்த இரண்டு படி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆர்க்கைவில் ஒரு மாதம் கிடக்கட்டும். நிரந்தரமாக நீக்கினால் ஓடிய வரலாறும் போய்விடும். பில் தகராறு வரும்போது தேடுவது அதைத்தான்.

ஒர்க்ஃப்ளோ போனாலும் கிரெடென்ஷியல் தங்கிவிடும். கிரெடென்ஷியல்ஸ் பக்கத்தில் வேறு எதற்கும் பயன்படாததை நீக்கி, செய்தி அனுப்பிய டெலிகிராம் பாட் இனி வேண்டாம் என்றால், டெலிகிராமில் பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதரில் போய் அதன் டோக்கனையும் (ரகசியச் சாவி) ரத்து செய்துவிடுங்கள்.