வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அட்வான்ஸை மீட்க என்ன செய்யலாம்: படிப்படியாக

நீலகிரியில் வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் வெயில் கொளுத்தும்போது கோத்தகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு வீட்டு வாசலில் நின்றால் யாருக்கும் மனசு இளகத்தான் செய்யும். உடனே டோக்கன் கொடுத்து, அக்ரிமெண்ட் போட்டு, சில லட்சங்களை அட்வான்ஸாகவும் கொடுத்துவிடுகிறார்கள். மழை பிடித்த பிறகு மறுபடி வந்து பார்க்கும்போது மேட்டுப்பக்கத் தடுப்புச் சுவர் பிதுங்கி நிற்கிறது, வண்டி போகும் பாதை பக்கத்து எஸ்டேட்காரருடையது என்று தெரிகிறது, அல்லது பேங்க் லோன் இல்லை என்று கையை விரிக்கிறது.

பின்வாங்கினால் அட்வான்ஸ் மொத்தமும் போச்சு என்று புரோக்கர் சொல்வதை நம்பி, பிடிக்காத வீட்டைக் கடன் பட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எதுவும் பேசாமல் முழுப் பணத்தையும் விட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. பணம் முழுதாகத் திரும்புமா, பாதியாவது வருமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது, தவறு யார் பக்கம், நீங்கள் எப்போது எப்படிச் சொல்கிறீர்கள். கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள், முக்கியமாக நான்காவது படியை முதலில் செய்துவிடாதீர்கள்.

படி 1: அக்ரிமெண்டை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்

கையெழுத்துப் போடும் அன்று யாரும் முழுசாகப் படிப்பதில்லை, இப்போது படியுங்கள். பெரும்பாலான கிரய ஒப்பந்தங்களில் இந்த மாதிரி ஒரு வாசகம் இருக்கும்: "வாங்குபவர் மேற்படி கெடுவுக்குள் பாக்கித் தொகையைச் செலுத்திக் கிரயம் பெறத் தவறினால், கொடுத்த முன்பணத்தை இழந்துவிட வேண்டியது." இந்த வரி இருக்கிறதா, இல்லையா? அதுதான் முதல் கேள்வி.

இருந்தால் நிலைமை கொஞ்சம் கடினம். சதீஷ் பத்ரா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: 70 லட்சம் விலை பேசி, 7 லட்சம் முன்பணம் கொடுத்து, மீதியைக் கட்டாமல் விட்டவரின் அந்த 7 லட்சத்தையும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம், காரணம் அந்தப் பணம் ஒப்பந்தத்துக்குப் பிணையாகக் கொடுக்கப்பட்டது, தவறினால் போகும் என்று தெளிவாக எழுதியும் இருந்தது. ஆனால் கிரயத் தொகையின் ஒரு பகுதியாகக் கொடுத்த பணம் வேறு கணக்கு. 1963-லேயே ஃபதே சந்த் வழக்கில், டெல்லி பங்களா ஒன்றுக்கு முன்பணமாகக் கொடுத்த 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், பிறகு விலையில் ஒரு பகுதியாகக் கட்டிய 24,000 ரூபாயை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் நீங்கள் கொடுத்த பணத்தைப் பிரித்து எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு 45 லட்சம் வீடு, அக்ரிமெண்ட் அன்று 2 லட்சம், அப்புறம் இரண்டு தவணையாக 6 லட்சம் என்றால், எட்டு லட்சமும் ஒரே கணக்கில் வராது. அந்த 6 லட்சத்தை எந்தப் பெயரில் கொடுத்தீர்கள், ரசீதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவும் உங்களுக்கு உதவும். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும் என்பது அதன் சாரம்.

படி 2: காரணம் யார் பக்கம் என்று நேர்மையாகப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், மலைச் சொத்தில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது.

மனசு மாறிவிட்டது, மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கோவையிலேயே வேறு வீடு கிடைத்துவிட்டது என்றால் அது உங்கள் காரணம். அதை மறைத்துவிட்டு டாக்குமெண்டில் குற்றம் தேடாதீர்கள், அது கோர்ட்டில் நிற்காது, நியாயமும் இல்லை. விற்பவர் உங்களை நம்பி, கேட்டு வந்த வேறு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பார், பிள்ளை படிப்புக்கு அந்தப் பணத்தைச் செலவும் செய்திருப்பார்.

ஆனால் சொத்தில் குறை இருந்தால் கதை வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவருக்குத் தெரியவராத குறையை, விற்பவர் மறைக்கக் கூடாது. இதில் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். மே மாதத்திலேயே கண்ணுக்குத் தெரிந்த சுவர் வெடிப்பைக் காட்டி இப்போது சண்டை போட முடியாது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அது வேறு. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்கள் யாரும் தடுப்புச் சுவரைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள்.

பத்திரப் பக்கம் பார்க்க வேண்டியவை: தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, அப்புறம் கட்டட அனுமதி. ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டட அனுமதி சமவெளியைப் போல் எளிதில் கிடைக்காது, அனுமதி இல்லாத கட்டடத்துக்குப் பேங்க் லோனும் கிடைக்காது. பட்டாவில் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கூடலூர் பக்கம் என்றால் அது பிரிவு 17 நிலமா என்று கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஜன்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் வருட ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கி, யாருக்குச் சொந்தம் என்பது இன்னும் தீராத நிலம் அது. மசினகுடி, சீகூர் பக்கம் என்றால் யானை வழித்தடம் என்று அரசு அறிவித்த பகுதியா என்று பாருங்கள். அந்த அறிவிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு வந்தது பாதைப் பிரச்சினை. வீடு நல்ல வீடு, பத்திரமும் சுத்தம், ஆனால் தார் ரோட்டிலிருந்து வாசல் வரை வருகிற மண்பாதை பத்திரத்தின் நான்கெல்லையில் "நடைபாதை" என்று மட்டும் இருந்தது. வண்டிப்பாதை உரிமை எங்கேயும் எழுதியிருக்கவில்லை, இத்தனை வருஷமும் பக்கத்துத் தோட்டக்காரர் தாட்சண்யத்துக்காக விட்டிருக்கிறார். அவர்கள் அந்த ஒரு வரியைக் காட்டித்தான் பேசினார்கள், பணமும் திரும்ப வந்தது. எனவே நீங்களும் பொதுவாகப் புகார் சொல்லாமல், எந்தப் பத்திரம், எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வக்கீலிடம் எழுத்தில் லீகல் ஒப்பீனியன் வாங்கிவிடுங்கள், அந்தச் செலவைப் பார்த்துத் தயங்கவே தயங்காதீர்கள்.

படி 3: கெடு முடிவதற்குள் எழுத்தில் சொல்லுங்கள்

போனைப் போட்டு "அண்ணா, வீட்டுல ஒத்துவரல" என்று சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், இதனால்தான் பணமும் போகிறது. கெடு தாண்டிவிட்டால் தவறியவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அதற்கப்புறம் சொல்வது சாக்கு மாதிரியே தெரியும்.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், மலையில் இது முக்கியம், ஊர் சிறியது, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். பேசிய அடுத்த நாளே, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கடிதம் நீளமாக வேண்டாம், இந்த அளவு போதும்:

"இன்ன தேதியில் பதிவான ஒப்பந்தப்படி தங்களுக்கு மொத்தம் இவ்வளவு ரூபாய் வங்கி மூலம் கொடுத்துள்ளேன். இன்ன பத்திரத்தில் வண்டிப்பாதை உரிமை குறிப்பிடப்படவில்லை என்று தெரியவருகிறது. அதைச் சரிசெய்து தர இயலுமா என்று 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும். இயலாவிட்டால் மேற்படி தொகையைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம்."

காரணம் உங்களுடையது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், வேறு ஆளைத் தேட அவருக்கு எவ்வளவு நாள் மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்கு அவருடைய நஷ்டம் குறையும், உங்களுக்கு வரவேண்டிய தொகை கூடும். "பணத்தை விட்டுவிடுகிறேன்" என்று மட்டும் எந்த மெசேஜிலும் எழுதிவிடாதீர்கள்.

படி 4: ரத்துப் பத்திரத்தையும் பணத்தையும் ஒன்றாக முடியுங்கள்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் வந்து நிற்கும். அடுத்து வாங்க வருகிறவர் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர் தெரியும், அது ரத்தாகும் வரை அவர் தயங்குவார், அவருக்கு லோன் கொடுக்கும் பேங்கும் தயங்கும். அதாவது ரத்துப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து விற்பவருக்குத் தேவை. இதைத் தெரியாமல் "முதலில் ரத்து பண்ணிக் கொடுங்க, பணம் அடுத்த மாசம் பார்ப்போம்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் அப்புறம் பணத்துக்காக நடையாய் நடக்கிறார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்திலேயே, டிடி கையில் வந்த பிறகு, அல்லது பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எவ்வளவு தொகை, எந்த டிடி எண், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற மூன்றும் ரத்துப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இந்தக் கையெழுத்தை வைத்து மிரட்டுவது மட்டும் வேண்டாம். காரணம் உங்களுடையது என்றால் அவருக்கு ஏற்பட்ட பதிவுச் செலவு, வக்கீல் செலவு, காத்திருந்த மாதங்களுக்கு ஒரு நியாயமான தொகை, இவற்றைக் கழித்துக்கொள்ளச் சொல்லி நீங்களே முன்வந்து சொல்லுங்கள். பேச்சில் சொல்ல வேண்டிய இன்னொன்று, பிடித்தம் செய்த அட்வான்ஸ் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும், வரி கட்ட வேண்டும். முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள்.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சிக்கல். வீடு, நிலத்துக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. ஆனால் கொடுத்ததை நிரூபிக்க வேண்டிய பாடு உங்களுக்கு.

படி 5: ஒத்துவரவில்லை என்றால்

வக்கீல் நோட்டீஸ், அப்புறம் கேஸ். ஆனால் நேராக சிவில் கோர்ட்டுக்குப் போவதற்கு முன், ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே மனு கொடுத்துப் பாருங்கள். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு கோர்ட் கட்டணம் இல்லை, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான், பேசிக்கொண்டே அந்தக் காலத்தை ஓட்டிவிடாதீர்கள். விற்பவரும் உங்கள் மேல் கிரயத்தை முடிக்கச் சொல்லி வழக்குப் போட முடியும், அதையும் மறக்க வேண்டாம். நீங்களே கிரயம் கேட்டு வழக்குப் போடுவதாக இருந்தால், கிரயம் இல்லையென்றால் அட்வான்ஸையாவது திருப்பித் தர வேண்டும் என்று மனுவிலேயே மாற்றாகக் கேட்டுவிடுங்கள், கேட்காவிட்டால் கோர்ட் தானாகக் கொடுக்காது.

பில்டரிடம் ஃப்ளாட் என்றால் வழி வேறு, ரெரா சட்டத்தில் (பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரியல் எஸ்டேட் சட்டம்) வருகிற திட்டமாக இருந்தால் பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கியதே தவறு, சென்னையில் உள்ள ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்கு

பத்திர எழுத்தர் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மாதிரியை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். அதில் இந்த இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "வாங்குபவரின் வங்கிக் கடன் நிராகரிக்கப்பட்டாலோ, சொத்தின் உரிமை, பாதை அல்லது கட்டட அனுமதியில் குறை இருப்பதாக வழக்கறிஞர் கருத்துரையில் தெரியவந்தாலோ, கொடுத்த தொகை முழுவதையும் 30 நாட்களுக்குள் விற்பவர் திருப்பிக் கொடுக்க வேண்டியது. வாங்குபவர் வேறு காரணங்களால் விலகினால் அதிகபட்சம் இவ்வளவு ரூபாய் மட்டும் பிடித்தம் செய்துகொள்ள வேண்டியது." விற்பவர் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், பிடித்தத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுங்கள், முதல் வரியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கெடு மூன்று மாதம் என்றால் அதற்குள் ஒரு மழைக்காலமாவது வரும்படி தேதி போட்டுக்கொள்ளுங்கள், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய் வீட்டின் பின்பக்க மண்மேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.