எக்ஸ்எம்எல்லில் சிதறிக் கிடக்கும் உரையை ரெஜெக்ஸால் தேடும்போது செய்யும் தவறுகள்

இரண்டு டேக்குகளுக்கு நடுவே ஓர் அரைப்புள்ளியோ பாதி அழிந்த சொல்லோ கிடந்தால் எக்ஸ்எம்எல் (தகவலை டேக்குகளுக்குள் அடைத்து எழுதும் வடிவம்) கோப்பைப் படிக்கும் பார்சர் வாயே திறக்காது. ரூட் டேக்குக்கு வெளியே கிடந்தால்தான் கத்தும். உள்ளே இருப்பது அதற்கு வெறும் உரை. ஆகவே எடிட்டரைத் திறந்து ரெஜெக்ஸில், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறிமொழியில், லுக்பிஹைண்ட் (இடப்பக்கம் இருப்பதைப் பிடிக்காமல் பார்க்க மட்டும் செய்வது), லுக்அஹெட் (வலப்பக்கம் இருப்பதை அப்படிப் பார்ப்பது) போட்டுத் தேடுகிறோம்.

<பட்டியல்>
  <பொருள்>பேனா</பொருள்>;
  <பொருள்>தாள்</பொருள்>
</பட்டியல்>

அந்த அரைப்புள்ளியைப் பிடிக்கப் பலரும் முதலில் எழுதுவது இது:

(?<=>)[^<]+(?=<)

இது பேனாவையும் தாளையும் பிடிக்கும். வரித் தொடக்கத்து இடைவெளிகளையும் பிடிக்கும். வேண்டியது அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

சரி, இடைவெளியைத் தாண்டிவிடலாம் என்று அடுத்து எழுதுவதில்தான் பெரிய பொறி இருக்கிறது:

>[ ]*(?!<)

(எளிமைக்காக இடைவெளியை மட்டும் காட்டுகிறேன். இடைவெளி வரும் சதுர அடைப்பு ஒவ்வொன்றிலும் டேப்பையும் புதுவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) டேக்குக்குப் பின் 4 இடைவெளி, பிறகு < என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரக்குறி (*) நான்கையும் விழுங்கும். எதிரே < நிற்பதால், அது வரக்கூடாது என்னும் (?!<) லுக்அஹெட் மறுக்கும். உடனே ரெஜெக்ஸை ஓட்டும் எஞ்சின் ஓர் இடைவெளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கும். இப்போது எதிரே இருப்பது இடைவெளி, < அல்ல. பொருந்திவிட்டது! சுத்தமான வரியும் குற்றவாளியாகிவிடும். மறுப்பதை விட்டு, வேண்டியதை நேராகக் கேட்பதே வழி:

(?<=</பொருள்>)[ ]*[^< ][^<]*

இடைவெளியும் < குறியும் அல்லாத ஓர் எழுத்தாவது இருந்தே ஆகவேண்டும் என்பதால் பின்வாங்கினாலும் பயனில்லை. டேக்குகளைத் தொடாமல் நடுவில் உள்ளதை மட்டும் நீக்கலாம் என்பதுதான் லுக்பிஹைண்டின் லாபம். ஆனால் கடைசித் துண்டு அடுத்த < வரை புதுவரியையும் சேர்த்து அள்ளும். ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்துமுன் ஒருமுறை பாருங்கள்.

டேக்கின் பெயரை எழுதாமல் (?<=</[^>]+>) என்று பொதுவாக வைக்கலாமே? டாட்நெட் ஏற்கும், லுக்பிஹைண்டை 2018 பதிப்பில் சேர்த்த ஜாவாஸ்கிரிப்டும் ஏற்கும். பைத்தானோடு வரும் re மாட்யூல் நிலையான நீளம் கேட்டு மறுத்துவிடும். கோ மொழியோடு வருவதில் லுக்அரவுண்டே (லுக்பிஹைண்ட், லுக்அஹெட் இரண்டுக்கும் பொதுப்பெயர்) கிடையாது.

இன்னொன்று, எங்கே தேடுவது என்பது. மூடும் டேக்குக்கும் அடுத்துத் திறக்கும் டேக்குக்கும் நடுவே மட்டும் தேடிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். <பட்டியல்> திறந்தவுடன் முதல் <பொருள்> வருமுன்னும், கடைசி </பொருள்> முடிந்து </பட்டியல்> வருமுன்னும் குப்பை கிடக்கலாம். மூன்று இடத்தையும் தேடுங்கள்.

பத்திக்குள் தடித்த எழுத்து டேக் வந்தால், அதற்குப் பின் வரும் உரை நியாயமானதே. லுக்அரவுண்ட் பக்கத்தில் இருப்பதை மட்டுமே பார்க்கும். தாய் டேக் எது என்று அதற்குத் தெரியாது. கமென்ட்டும் (குறிப்புக்காக எழுதுவது), சிடேட்டா பகுதியும் (டேக்காகப் படிக்காமல் அப்படியே உரையாக எடுத்துக்கொள்வது), சாதாரண இடமும் அதற்கு ஒன்றுதான். அட்ரிபியூட் மதிப்புக்குள் > அப்படியே வரலாம் என்பதால் (?<=>) அங்கேயும் ஏமாறும்:

<விதி நிபந்தனை="அளவு > 10">

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. எக்ஸ்எம்எல் 1.0 வெற்றிடம் என்று ஒப்புக்கொள்வது நான்கை மட்டும்: இடைவெளி, டேப், இரண்டு வரிமுடிவுக் குறிகள். வரி உடையாத இடைவெளி, அதாவது 160-ஆம் எண் எழுத்து, அதில் இல்லை. ஆனால் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ரெஜெக்ஸின் வெற்றிடச் சுருக்கக்குறி (\s) அதையும் வெற்றிடமாகவே எண்ணித் தாண்டிப் போகும். தேடலில் ஒன்றும் சிக்காது. ஸ்கீமா (கோப்பில் எது எங்கே வரலாம் என்ற விதித்தொகுப்பு) சோதனையோ தோற்றுக்கொண்டே இருக்கும். சுருக்கக்குறியை விட்டு அந்த நான்கையும் தனித்தனியே எழுதினால் அதுவும் மாட்டும்.

டிடிடியோ (அதே வேலை செய்யும் இன்னொரு விதித்தொகுப்பு) ஸ்கீமாவோ கையில் இருந்தால் முதலில் அதை ஓட்டுங்கள். டேக்குகள் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் உரை இருந்தால் வரி எண்ணோடு சொல்லிவிடும். இல்லையென்றால் எக்ஸ்எம்எல்லுக்குள் இடம் சொல்லித் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் <பட்டியல்> டேக்கின் நேரடி உரைகளில் காலியாக இல்லாதவற்றைக் கேளுங்கள். அங்கே தாய் டேக் தெரியும், கமென்ட்டும் குறுக்கே வராது. கோப்பே உடைந்து பார்சருக்குள் போகாதபோதுதான் ரெஜெக்ஸுக்கு உண்மையான வேலை.