இரண்டு பேட்டரி லாரியில் சார்ஜ் நிற்கவில்லையா?

24 வோல்ட் லாரியில் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை என்றால் நான் முதலில் எடுப்பது மல்டிமீட்டரைத்தான். வண்டியை இரவு நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடும் முன் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மொத்தம் 24.8 வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், ஒன்று 12.7, மற்றது 12.1 ஆக இருக்கலாம்.

இப்படி வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் யாரோ ரேடியோவுக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் வயர் இழுத்திருப்பார்கள். தொடராக (ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸில்) இணைத்த பேட்டரிகளில், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் இரண்டுக்கும் ஒரே கரண்ட்டைத்தான் அனுப்பும். இறங்கியது நிறையாது, நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும். புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான். அந்த வயரைக் கழற்றி, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வையுங்கள். பிறகு இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றி இணையுங்கள். அதன்பிறகும் சும்மா இருக்கும்போதே ஒன்று மட்டும் இறங்கினால் அதன் செல் போய்விட்டது. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

இன்ஜின் ஓடும்போது மொத்தம் 28 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் ஆல்டர்நேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதைக் கவ்வும் வயர் கிளாம்ப்பிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே உள்ளே பச்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம். சுரண்டும் முன் சேசிஸுக்குப் போகும் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்து பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், பேட்டரி வாயு பற்றிக்கொள்ளும்.